இருக்கைப் பட்டையின் வரலாறு

வாகனம் மோதும்போதோ திடீரென நிற்கும்போதோ பயணியை இருக்கையோடு பிணைத்துக் காக்கும் நெய்த பட்டையே இருக்கைப் பட்டை. பேச்சு வழக்கில் இதை ‘சீட் பெல்ட்’ என்றே சொல்கிறோம். இக்கட்டுரையிலும் பெரும்பாலும் அந்தச் சொல்லே ஆளப்படுகிறது. இன்று விற்பனைக்கு வரும் எல்லாக் கார்களிலும் இது இருக்கிறது. இதன் வரலாற்றைப் படிப்பவருக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். பட்டையைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. மனிதரை அதை அணிய வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

விபத்தில் பிழைத்தவரைப் பற்றி நாளிதழ்கள் ‘நூலிழையில் உயிர் தப்பினார்’ என்று எழுதும். வீட்டுப் பெரியவர்கள் ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பார்கள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்போம்; சில நாளில் மறந்துவிடுவோம். சீட் பெல்ட்டின் தொடக்க வரலாற்றில் வருபவர்களில் சிலரும் இப்படி நூலிழையில் தப்பியவர்களே. ஆனால் அவர்கள் மறக்கவில்லை. எப்படிப் பிழைத்தோம் என்று ஆராயத் தொடங்கினார்கள்.

வானத்தில் தொடங்கிய கதை

பாதுகாப்புப் பட்டைக்கான அமெரிக்கக் காப்புரிமை ஒன்று 1885 பிப்ரவரி 10 அன்று எட்வர்ட் கிளாக்ஹார்ன் என்பவருக்கு வழங்கப்பட்டது. அதைக் காருக்கான பெல்ட் என்று பலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியதே 1886 ஜனவரியில்தான். கிளாக்ஹார்னின் பட்டை, ஒரு மனிதரைக் கொக்கிகள் கொண்டு அசையாத பொருளோடு பிணைப்பதற்கானது. இன்று உயரமான கட்டடங்களில் வேலை செய்வோர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டையின் முன்னோர் என்று அதைச் சொல்லலாம்.

ஊர்தியில் பட்டை கட்டும் தேவை முதலில் விமானிகளுக்குத்தான் ஏற்பட்டது. 1910இல் அமெரிக்க இராணுவத்தின் பெஞ்சமின் ஃபூலுவா என்ற இளம் அதிகாரி டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ரைட் சகோதரர்களின் விமானத்தை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அவருக்கு அருகில் ஆசிரியர் யாரும் இல்லை. ஐயங்களைக் கடிதத்தில் எழுதி ரைட் சகோதரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அஞ்சல் வழியில் விமானம் ஓட்டக் கற்ற மாணவர் என்று அவரைச் சொல்லலாம்! அந்த விமானத்தில் விமானியைச் சுற்றிச் சுவரோ கூரையோ கிடையாது. இறக்கையின் விளிம்பில் உட்கார வேண்டும். ஒருமுறை அவர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படும் நிலைக்குப் போய்த் தப்பினார். உடனே குதிரைச் சேணம் தைப்பவரிடம் சென்று, ஏறத்தாழ நான்கடி நீளத் தோல்வாரை வாங்கி இருக்கையில் கட்டிக்கொண்டார்.

அடுத்தவர் ஹியூ டீஹேவன். சீட் பெல்ட் பற்றிய பேச்சில் இவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. என் கருத்தில் இவரே இந்த வரலாற்றின் நடுநாயகம். அமெரிக்கரான இவர் முதல் உலகப்போரின்போது கனடாவில் பிரிட்டனின் வான்படையில் பயிற்சி விமானியாகச் சேர்ந்தார். 1917இல் பயிற்சிப் பறப்பின்போது இவருடைய விமானமும் மற்றொரு விமானமும் வானில் மோதி விழுந்தன. டீஹேவன் மட்டும் பிழைத்தார். கல்லீரல், கணையம், பித்தப்பை எல்லாம் சிதைந்திருந்தன. மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர் தம் காயங்களின் அமைப்பைக் கவனித்தார். அவருடைய இடுப்புப் பட்டையின் பெரிய உலோகப் பூட்டு எந்த இடத்தில் வயிற்றை அழுத்தியதோ, சரியாக அதே இடத்தில்தான் உள்ளுறுப்புகள் சிதைந்திருந்தன.

பிழைத்தது கடவுள் செயல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். டீஹேவனுக்கு அந்த விடை போதவில்லை. தாம் அமர்ந்திருந்த பகுதி நசுங்காமல் நின்றதால் பிழைத்தோம், பூட்டு தவறான இடத்தில் இருந்ததால் காயப்பட்டோம் என்று அவர் கருதினார். இரண்டுமே மனிதரால் மாற்றக்கூடியவை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் இதே கேள்வியோடு ஆய்வில் இறங்கினார். உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் இறக்காதவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்கள் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1942இல் வெளியானது. கிளறிவிட்ட தோட்ட மண் போன்ற, சில அங்குலமாவது உள்வாங்கும் பரப்பில் விழுந்தவர்கள் பிழைத்திருந்தார்கள். விசையைத் தாங்கும் பரப்பு அகலமாகவும், நிற்கும் தூரம் சற்றே கூடுதலாகவும் இருந்தால் மனித உடல் நாம் நினைப்பதைவிட மிகப் பெரிய அதிர்ச்சியைத் தாங்கும் என்பது அவர் முடிவு.

பின்னர் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காயங்களை ஆராயும் திட்டத்தை அவர் நடத்தினார். கார் விபத்தைப் பொட்டலம் கட்டும் வேலையோடு ஒப்பிட்டு விளக்குவது அவர் வழக்கம். கண்ணாடிக் குவளைகளை ஊருக்கு அனுப்பும் வியாபாரி என்ன செய்கிறார்? பெட்டி எளிதில் நசுங்காததாக, வழியில் திறந்துகொள்ளாததாக இருக்க வேண்டும். உள்ளே வைக்கோல் திணித்திருக்க வேண்டும். குவளை அசையாமல் இருக்க வேண்டும். குவளைக்குக் காட்டும் இந்த அக்கறையைக் காருக்குள் உட்காரும் மனிதருக்கு யாரும் காட்டவில்லை என்பதே அவர் வாதம்.

இயற்பியல் சொல்வது

பள்ளியில் நியூட்டனின் முதல் விதியை நடத்தும்போது எல்லா ஆசிரியர்களும் சொல்லும் எடுத்துக்காட்டு ஓடும் பேருந்து. ஓட்டுநர் பிரேக் போட்டதும் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். மாணவர்கள் தேர்வில் இதைச் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். காரில் ஏறியதும் அதே விதி தமக்கும் பொருந்தும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை!

மணிக்கு 50 கி.மீ. என்பது நகரச் சாலைகளில் சாதாரண வேகம். நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். கார் மோதி நின்றாலும் உள்ளிருக்கும் மனிதர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அவரை ஏதாவது ஒன்று நிறுத்தியாக வேண்டும். எது நிறுத்துகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

பெல்ட் அணிந்தவர் காரோடு சேர்ந்து நிற்கிறார். காரின் முன்பகுதி நசுங்கும் தூரமும் பட்டை சற்று நீளும் தூரமும் சேர்ந்து 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் மீது செயல்படும் சராசரி விசை ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமம். பெரிய விசைதான், ஆனால் அகலமான பட்டை வழியாக மார்புக்கூட்டிலும் இடுப்பெலும்பிலும் பரவும்போது உடல் தாங்கும். பெல்ட் அணியாதவரோ கார் நின்ற பிறகு முகப்புப் பலகையிலோ கண்ணாடியிலோ மோதி, ஐந்து செ.மீ. தூரத்துக்குள் நிற்கிறார். அப்போது விசை 12 மடங்கு, சுமார் 12 டன். இரண்டு பேருக்கும் வேகம் ஒன்று, எடை ஒன்று. வேறுபாடு நிற்கும் தூரம் மட்டுமே.

குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். பெல்ட் அணிந்த ஒருவர் மடியில் 10 கிலோ எடையுள்ள குழந்தை இருந்தால், மோதும் கணத்தில் அதைப் பிடித்து நிறுத்த 160 கிலோவைத் தூக்கும் வலிமை வேண்டும். அம்மாவின் கைகள் அன்பினால் இறுகலாம். 160 கிலோவைத் தாங்கா.

சொல்லால் விளக்குவதை ஒருவர் உடலாலேயே செய்து காட்டினார். அமெரிக்க வான்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில், ராக்கெட் பொருத்திய தண்டவாள வண்டியில் தம்மைப் பட்டைகளால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி ஐந்து நொடிகளில் மணிக்கு 632 மைல், அதாவது 1017 கி.மீ. வேகத்தை எட்டியது. பிறகு 1.4 நொடிகளில் நின்றது. புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவர் உடலைத் தாக்கியது. கண்களின் நுண்குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வை இல்லாமல் இருந்தார். பின்னர் பார்வை திரும்பியது. சரியாகக் கட்டப்பட்ட மனிதர் இவ்வளவையும் தாங்குவார் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இதே ஸ்டாப் வான்படையின் மரணக் கணக்குகளைப் பார்த்தபோது, விமான விபத்துகளைவிடக் கார் விபத்துகளில் விமானிகள் அதிகம் இறப்பதைக் கண்டார். வானில் பட்டையைக் கட்டாமல் எழும்பாத விமானி, வீடு திரும்பும் வழியில் பட்டையில்லாத காரில் இறந்துகொண்டிருந்தார். 1955 முதல் ஸ்டாப் கார் உற்பத்தியாளர்களை அழைத்து மோதல் ஆய்வுக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். அது இன்றும் அவர் பெயரிலேயே நடைபெறுகிறது.

விற்க முடியாத பாதுகாப்பு

கார் நிறுவனங்களுக்குப் பட்டை பிடிக்கவில்லை. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1949இல் தன் கார்களில் இடுப்புப் பட்டையை வழங்கியது. வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றச் சொன்னார்கள். கட்டிப்போட வேண்டிய அளவுக்கு இந்தக் கார் ஆபத்தானதா என்ற ஐயம் எழுந்ததே காரணம். 1956இல் ஃபோர்டு நிறுவனம் பாதுகாப்பையே முன்னிறுத்தி விளம்பரம் செய்து, விரும்புவோருக்குப் பெல்ட் பொருத்திக் கொடுத்தது. அவ்வாண்டு செவ்ரோலே கார்களே அதிகம் விற்றன. ‘பாதுகாப்பு விலைபோகாது’ என்ற முடிவுக்குத் தொழில்துறை வந்துவிட்டது. அந்த ஒரு முடிவால் வீணான ஆண்டுகள் பல.

இடுப்புப் பட்டையிலும் குறை இருந்தது. மேலுடம்பு முன்னால் மடங்கி, தலை மோதும். விசை முழுவதும் மென்மையான வயிற்றில் இறங்கும். டீஹேவனுக்கு நேர்ந்தது இதுதான். அவரும் ரோஜர் கிரிஸ்வால்டும் சேர்ந்து தோளையும் இடுப்பையும் பிணைக்கும் பட்டை ஒன்றுக்கு 1955இல் காப்புரிமை பெற்றார்கள். அதிலும் பூட்டு வயிற்றுக்கு நேராகவே அமைந்துவிட்டது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் பொலின். சாப் விமான நிறுவனத்தில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் கருவிகளை வடிவமைத்த அவர், 1958இல் வால்வோ கார் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் தலைவர் குன்னர் எங்கெலாவ் தம் உறவினர் ஒருவரைக் கார் விபத்தில் இழந்திருந்தார். விமானிகள் உயிர் காக்க எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்வார்கள், கார் ஓட்டும் சாதாரண மனிதர் ஒரு நிமிட அசௌகரியத்தையும் பொறுக்கமாட்டார் என்பது பொலினின் அனுபவம். அதனால் ஒரே கையால், ஒரே அசைவில் மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கும் பட்டையையும் இடுப்புப் பட்டையையும், இருக்கையின் பக்கவாட்டில் தாழ்வாக உள்ள ஒரு பூட்டில் இணைத்தார். பூட்டு வயிற்றை விட்டு விலகியது. மூன்று புள்ளிகளில் பிணைக்கும் இந்தப் பட்டையோடு முதல் கார் 1959 ஆகஸ்ட் 13 அன்று சுவீடனின் கிறிஸ்டியன்ஸ்டாட் நகர விற்பனையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

வால்வோ இந்தக் காப்புரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டது. வணிக வரலாற்றில் இப்படிப்பட்ட செயல்கள் குறைவு.

ஆனாலும் மக்கள் நம்பவில்லை. ‘பெல்ட் போடாததால் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தேன்’ என்று சொல்லும் ஒருவராவது எல்லா ஊரிலும் இருந்தார், இன்றும் இருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படி எறியப்பட்டு இறந்தவர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லை. பிழைத்தவரின் கதை மட்டுமே நம் காதில் விழுகிறது. கார்னெல் ஆய்வில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, வெளியே எறியப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு உள்ளே இருந்தவர்களைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. பொலினும் இதே வழியில் சென்றார். சுவீடனில் வால்வோ கார்கள் சம்பந்தப்பட்ட 28,000 விபத்துகளை ஆராய்ந்த அறிக்கை 1967இல் வெளியானது. பெல்ட் அணியாதவர்கள் மணிக்கு 20 கி.மீ. போன்ற குறைந்த வேகத்திலும் இறந்திருந்தார்கள். அணிந்தவர்களில் மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகத்துக்குக் கீழே நடந்த மோதல்களில் ஒரு மரணமும் இல்லை.

வண்டி தீப்பிடித்தால், நீரில் மூழ்கினால் மாட்டிக்கொள்வோமே என்ற அச்சமும் உண்டு. இத்தகைய விபத்துகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. அவற்றிலும் மயங்காமல் இருப்பவர்தான் கதவைத் திறந்து வெளியேற முடியும். மயங்காமல் காப்பது பெல்ட்.

சட்டம் வந்த வழி

பெல்ட்டைப் பொருத்துவது ஒரு சட்டம், அணிவது மற்றொரு சட்டம். அமெரிக்காவில் ரால்ஃப் நேடரின் நூல் 1965இல் வெளிவந்து கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு, 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 முதல் புதிய கார்களில் பெல்ட் கட்டாயமானது. அணிவதை உலகில் முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970 டிசம்பரில். அவ்வாண்டு அந்த மாநிலத்தில் 1000 பேருக்கு மேல் சாலையில் இறந்திருந்தார்கள். சிதைந்த முகங்களைத் தைத்துத் தைத்து அலுத்துப்போன அறுவை மருத்துவர்களே அச்சட்டத்துக்காக முன்னின்று வாதாடினார்கள். பிரிட்டனில் முன்னிருக்கைக்காரர்களுக்கு 1983 ஜனவரி 31 முதல் கட்டாயமானது. பின்னிருக்கையில் அமரும் பெரியவர்களுக்கு 1991 வரை ஆயிற்று. அமெரிக்க மாநிலங்களில் நியூயார்க் 1984இல் தொடங்கியது. நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்கு இன்றும் இச்சட்டம் இல்லை.

இடையில் அமெரிக்காவில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். முன்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் மாட்டினால்தான் எஞ்சின் கிளம்பும் என்ற ஏற்பாட்டோடு 1974ஆம் ஆண்டு கார்கள் வந்தன. பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையை வைத்தாலும் கார் அதை ஆளென்று எண்ணிக் கிளம்ப மறுத்தது. நாய்க்கும் பெல்ட் மாட்ட வேண்டியிருந்தது! மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றமே தலையிட்டு அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. எச்சரிக்கை மணியும் எட்டு நொடிக்கு மேல் ஒலிக்கத் தேவையில்லை என்றாயிற்று.

இந்தியாவில்

அம்பாசடர், பத்மினி கார்கள் ஓடிய காலத்தில் சீட் பெல்ட் என்ற பேச்சே பல ஆண்டுகள் இல்லை. முன்பக்கம் நீண்ட ஒற்றை இருக்கை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவர், அவர்கள் மடியில் பிள்ளைகள் என்று திருமணத்துக்குப் போய் வந்தோம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993இல் செய்யப்பட்ட திருத்தம், ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 1994 முதல் முன்னிருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்துவதை உற்பத்தியாளர்களின் கடமையாக்கியது. பொலினின் பட்டை முதல் காரில் வந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே விதிகளின் 138ஆம் விதி, முன்னோக்கிய பின்னிருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்கிறது. பலருக்கு இது தெரியாது. 2019 செப்டம்பர் 1 முதல் அணியாதவருக்கு அபராதம் 1000 ரூபாய்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த கார், காற்றுப் பைகளும் இருந்தன. பின்னிருக்கையில் இருந்த இருவரும் இறந்தார்கள். முன்னிருக்கையில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. பின்னிருக்கை பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அன்று நாடு முழுவதும் பேசுபொருளாயிற்று. பெல்ட் அணியாமல் பின்னால் இருப்பவர் தமக்கு மட்டும் ஆபத்தல்லர். மோதும்போது அவர் உடல் முன்னிருக்கையில் டன் கணக்கான விசையோடு போய் மோதும். பெல்ட் அணிந்து முன்னால் இருப்பவரையும் அது நசுக்கிவிடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715. இதில் ஓட்டுநர்கள் 8,384 பேர். பயணிகள் 8,331 பேர். ஓட்டுநரும் பயணிகளும் ஏறக்குறைய சரிபாதி. நம் போக்குவரத்துக் காவலர்களின் கண் பெரும்பாலும் ஓட்டுநர் மீதே இருக்கிறது.

பெல்ட் மாட்டாவிட்டால் ஒலிக்கும் மணியை ஏமாற்ற, பூட்டுக்குள் செருகும் உலோகத் துண்டு ஒன்று கடைகளில் விற்கப்பட்டது. சாமி படம் அச்சிட்டவை, கார் நிறுவனத்தின் சின்னம் பொறித்தவை என்று பல வகை. பட்டையை மாட்டுவதற்கு ஆகும் நேரம்தான் இதைச் செருகவும் ஆகும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு இவற்றை நீக்க ஆணையிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன.

வாடகைக் கார்களில் நான் காண்பது வேறொன்று. பின்னிருக்கையில் பட்டை தொங்கும். அதை மாட்டும் பூட்டைத் தேடினால் கிடைக்காது. புது இருக்கை உறை போடும்போது பூட்டு அடியில் போய்ப் புதைந்திருக்கும். கையை உள்ளே விட்டுத் துழாவினால் சில வண்டிகளில் அகப்படும். உறை தைக்கக் கொடுக்கும்போதே பூட்டுகள் வெளியே வருவதற்கு மூன்று இடத்தில் திறப்பு விடச் சொன்னால் தையற்காரர்கள் விட்டுத் தருகிறார்கள்.